ஆண்டுக்கொரு தாளில் தொங்கும் விளைநிலம்

2023 செப்டம்பர் மாதத்தை நம் குடும்பங்கள் மறந்திருக்க முடியாது. பத்து கிலோ 26 வெள்ளி என்று அரசாங்கம் விலை கட்டிய உள்நாட்டு வெள்ளை அரிசி கடைகளில் கிடைக்கவில்லை. அதற்கு முன், ஜூலையில், இந்தியா வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டிருந்தது. இங்கே இறக்குமதி அரிசி விலை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு ஏறியது. அடுத்தவன் வயலை நம்பிச் சோறு வடிக்கும் நாட்டுக்கு வேறென்ன நடக்கும்?

அடுத்த மாதமே பேரா மாநிலம் கந்தானில் என்ன நடந்தது? பல தலைமுறைகளாகக் காய்கறி பயிரிட்டவர்களின் நிலத்தில் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. தொழில் பூங்கா வருகிறதாம்! எதிர்த்து நின்றவர்களில் சிலர் கைது செய்யப்பட்டார்கள். உணவுப் பாதுகாப்பு என்று மேடையில் முழங்குகிறார்கள். ஆனால் உணவு விளையும் மண்ணுக்குப் பாதுகாப்பு எங்கே?

கோளாறு எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்ப்போம். காய்கறி பயிரிடும் சிறு விவசாயிகள் பலரிடம் நிலப்பட்டா கிடையாது. கையிலிருப்பது டி.ஓ.எல். எனும் தற்காலிக உரிமம் மட்டுமே. தேசிய நிலச் சட்டப்படி அது அந்தந்த ஆண்டின் இறுதியோடு முடிந்துவிடும். வேண்டுமானால் புதுப்பிக்கலாம். பிறருக்கு மாற்றித் தர முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் உரிமமும் சேர்ந்து சாகும். அப்பன் முப்பது வருடம் பண்படுத்திய மண்ணில் மகனுக்கு உரிமையில்லை. அந்த உரிமம்கூட இல்லாமல் பயிரிடுவோரும் உண்டு. அடுத்த ஜனவரியில் நிலம் இருக்குமா என்று தெரியாதவன் கிணறு வெட்டுவானா? எந்த வங்கி அவனுக்குக் கடன் தரும்?

மாநில அரசுகள் ஏன் இதை மாற்றுவதில்லை? நம் அரசியல் சட்டப்படி நிலம் மாநிலத்தின் அதிகாரத்தில் உள்ளது. வருமான வரியோ மத்திய அரசுக்குப் போகிறது. மாநிலத்தின் சொந்த வருமானத்தில் பெரும் பங்கு நிலத்திலிருந்து வருவது. விவசாய நிலத்தைக் கட்டட நிலமாகவோ தொழிற்சாலை நிலமாகவோ மாற்றினால் பிரீமியம் கிடைக்கும். வெண்டைக்காயும் கங்கோங்கும் கஜானாவை நிரப்பாது. எனவே, விளைநிலத்தைக் காப்பாற்றும் மாநிலம் பணத்தை இழக்கிறது. விற்கும் மாநிலம் பணம் பார்க்கிறது. இந்தக் கணக்கை மாற்றாமல் விளைநிலம் மிஞ்சாது.

நிலமிழந்த வலி நமக்குப் புதிதல்ல. தோட்டத் துண்டாடல் காலத்தில் நம்மவர்கள் வேலையோடு வீட்டையும் இழந்தார்கள். பின்னர் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளானபோது, லயத்துப் பின்புறக் காய்கறிக் கொல்லையும் மாட்டுக் கொட்டகையும் போயின. அவற்றுக்கு யார் நஷ்டஈடு தந்தார்கள்? அந்த நெருக்கடியில்தான் 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டாளிகள் தங்கள் கூலியிலிருந்து மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டங்களை வாங்கினார்கள். அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையைக் கூலிக்காரன் தன் வயிற்றைக் கட்டிச் செய்தான். இன்று நிலம் விற்கும் விலைக்குப் பத்து வெள்ளி போதாது. பொதுப் பணம் வந்தே ஆக வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. காடுகளைக் காக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசு 2019 முதல் தனி நிதி கொடுக்கிறது. 60 மில்லியன் வெள்ளியில் தொடங்கிய அந்நிதி 2025 வரவு செலவுத் திட்டத்தில் 250 மில்லியனாக உயர்ந்தது. மரத்தைக் காத்தால் பணம் என்றால், சோறு போடும் மண்ணைக் காத்தால் ஏன் பணம் இல்லை? நிரந்தர உணவு உற்பத்திப் பூங்கா என்ற திட்டமும் நடப்பில் உள்ளது. மாநிலம் நிலம் தருகிறது. மத்திய அரசு சாலை, வடிகால், தண்ணீர் வசதி செய்கிறது. விவசாயி வாடகைக்குப் பயிரிடுகிறான். இது நல்ல திட்டம்தான். இதில் நம் இளைஞர்களுக்கும் இடம் வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது மூன்று. விளைநிலங்களை அரசிதழில் பதிவு செய்து, சட்டமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் வகை மாற்ற முடியாதபடி செய்யுங்கள். உண்மையாகப் பயிரிடுவோருக்கு, இனம் பாராமல், பிள்ளைக்கும் தொடரும் நீண்டகாலக் குத்தகை கொடுங்கள். நிலத்தை விற்காமல் காக்கும் மாநிலத்துக்கு மத்திய அரசு ஆண்டுதோறும் ஈடு கொடுக்கட்டும்.

அரசாங்கம் அசையும்வரை நாம் சும்மா இருக்கலாமா? நிலத்தில் உழைப்பவர்கள் உரிமக் கட்டண ரசீது, உரம் வாங்கிய பில், பயிரின் படம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். விவசாய இலாகாவில் பெயர் பதியுங்கள். வெளியேற்ற நோட்டீஸ் வந்தபின் கூடுவதைவிட, வருமுன் சங்கமாகக் கூடுங்கள். நிலம் மாநில விவகாரம் என்பதால் முதலில் உங்கள் சட்டமன்ற உறுப்பினரின் கதவைத் தட்டுங்கள். அடுத்த முறை அவர் ஓட்டுக் கேட்டு வரும்போது, இருக்கும் விளைநிலத்தில் எத்தனை ஏக்கரைக் காப்பாற்றினீர்கள் என்று கேளுங்கள்.

காட்டை அழித்துத் தோட்டம் போட்டவர்கள் நம் தாத்தா பாட்டிகள். இந்த மண்ணில் ஒரு கீரைப்பாத்தி கேட்பது பிச்சையல்ல, உரிமை!