நூறில் ஒரு மில்லிமீட்டரும், நூறு ரூபாய் பேரமும்

மக்களே, முதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் கிரீஸ் வாடை அடிக்கிற பதிவு. ஆபீஸ்ல ஆணி புடுங்குற நேரம் போக ஊருக்கு வர்றப்பல்லாம், காரியாபட்டி பக்கம் டிராக்டர் பட்டறையில உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது என் வழக்கம். அப்படிப் பார்த்ததுல ரொம்ப நாளா உறுத்துற சமாச்சாரம், வால்வு கைடு ரீமிங்.

கைடுன்னா என்னன்னு கேக்குறவங்களுக்கு: எஞ்சின் ஹெட்டுல வால்வோட தண்டு மேலயும் கீழயும் ஓடுற சின்னக் குழாய்தான் கைடு. தண்டுக்கும் குழாய்க்கும் நடுவுல எண்ணெய்ப் படலம் நிக்கிற அளவுக்குத்தான் இடைவெளி இருக்கணும். எட்டு மில்லிமீட்டர் தண்டுள்ள பல எஞ்சின்கள்ல இன்லெட்டுக்கு 0.02 முதல் 0.05 மி.மீ, எக்ஸாஸ்டுக்கு 0.04 முதல் 0.07 மி.மீ வட்டாரத்துல வரும். சரியான கணக்கு அந்தந்த எஞ்சினோட சர்வீஸ் புத்தகத்துல இருக்கும். தலைமுடி ஒண்ணு சுமார் 0.07 மி.மீ தடிமன். அதைவிடக் குறைவான இடத்துலதான் மொத்த விளையாட்டும். டேப்பட் கேப் வேற, இது வேற, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

எக்ஸாஸ்டுக்கு ஏன் கூடுதல்? அதுவழியா நெருப்புப் புகை போகுது, தண்டு சூடாகி விரியுது. இடைவெளி பத்தலைன்னா தண்டு கைடுக்குள்ள இறுகிடும். டீசல் எஞ்சின்ல பிஸ்டன் உச்சிக்கு வர்றப்ப வால்வுக்கும் அதுக்கும் இடையில கொஞ்சம்தான் இடம். இறுகின வால்வு திறந்தபடி நின்னா பிஸ்டன் வந்து முட்டும், புஷ்ராடு வளையும். சரி, தாராளமா விட்டுடலாம்னா அதுவும் வம்புதான். வால்வு சாய்ஞ்சு உட்காரும், சீட் ஒரு பக்கமா தேயும், கம்ப்ரெஷன் கசியும். வால்வோட சூட்டுல பெரும்பகுதி சீட் வழியாவும், மிச்சம் தண்டு வழியா கைடுக்கும் இறங்கணும். சரியா உட்காராத வால்வு எரிஞ்சுதான் போகும்.

இப்ப பட்டறையில நடக்கிறதைப் பாருங்க. பழைய கைடைத் தட்டி எடுத்துட்டு புதுசை இறுக்கமா இறக்குவாங்க. இறக்கினதும் அந்த இறுக்கத்துல உள்துளை லேசா சுருங்கும். ஃபினிஷ் பண்ணியே வர்ற கைடா இருந்தாலும் அதனால மறுபடி அளந்தாகணும். தேவைப்பட்டா ரீமர் போடணும். எண்ணெய் விட்டு, ஒரே திசையில, நிதானமா. பின்பக்கம் திருப்பினா ரீமரோட முனை மழுங்கும், துளையிலயும் கோடு விழும். அதுக்கப்புறம்தான் சீட் கட்டிங், ஏன்னா சீட் கட்டரோட பைலட் கைடுத் துளையைப் பிடிச்சுத்தான் நிக்குது. வரிசை மாறினா சீட் கோணலாயிடும்.

ஆனா அவசரத்துல என்ன செய்யறாங்க? வால்வுத் தண்டுல கிரைண்டிங் பேஸ்ட்டைத் தடவி, கைடுக்குள்ள விட்டு, மேலயும் கீழயும் தேய்க்கிறாங்க. "இப்ப ஃப்ரீ ஆயிடுச்சுண்ணே." ஆகத்தான் செய்யும். அந்தப் பேஸ்ட்டோட துகள் கைடுல பதிஞ்சு, எஞ்சின் ஓட ஓட தண்டைத் தின்னுக்கிட்டே இருக்கும்.

"அந்த மேஸ்திரிக்கு முப்பது வருஷக் கைப்பக்குவம்டா, உனக்கென்ன தெரியும்?"னு கேப்பீங்க. நியாயம்தான். கைப்பக்குவத்தை நான் கிண்டல் பண்ணலை. ஆயிரம் வால்வைத் தொட்ட கைக்கு எது சரியில்லைன்னு உடனே தெரியும். ஆனா கை ஒப்பிட்டுத்தான் பார்க்கும், அளக்காது. 0.03-க்கும் 0.06-க்கும் வித்தியாசம் சொல்ல மைக்ரோமீட்டரும் போர் கேஜும் வேணும். சிவகாசி அச்சகத்துக்காரங்களுக்கு இது நல்லாப் புரியும். நாலு கலர்ல ஒண்ணு மயிரிழை விலகினா காலண்டர்ல சாமிக்கு ரெண்டு மூக்கு வந்துடும். அங்க யாரும் "கண்ணளவுக்குச் சரியா இருக்கு"ன்னு விடறதில்ல, லென்ஸ் வச்சுப் பார்க்கிறாங்க. மூக்கு ரெண்டாத் தெரிஞ்சா வாங்கறவன் திருப்பித் தருவான். கைடுக்குள்ள நடக்கிறது யார் கண்ணுக்கும் தெரியாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இதுல குத்தம் மேஸ்திரி மேல மட்டும் இல்லைங்கறதுதான் என் கட்சி. பில்லைப் பாருங்க. கைடுக்குக் காசு, வால்வுக்குக் காசு, கேஸ்கட்டுக்குக் காசு. இதையெல்லாம் முணுமுணுக்காம குடுக்கிறோம், பொருள் கண்ணுக்குத் தெரியுதே. கூலின்னு வந்ததும் நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் நிக்கிறோம். போதாததுக்கு "சாயங்காலத்துக்குள்ள வேணும்"வேற. அளக்கிறதுக்கு அரைமணி செலவழிச்சா, அதுக்கு யாரும் காசு தர மாட்டாங்கன்னு அவருக்கும் தெரியும். அப்புறம் அவர் ஏன் அளக்கணும்? சாஃப்ட்வேர்லயும் இதே கூத்துதான். டெஸ்டிங்குக்கு ஒதுக்கின நாளைத்தான் முதல்ல வெட்டுவாங்க. ஆனா நமக்கு கண்ட்ரோல் இஸட் இருக்கு. ரீமர் சீவின இரும்பு திரும்ப ஒட்டாது, கைடையே மாத்தணும்.

இதை நான் சின்ன விஷயமா நினைக்காததுக்குக் காரணம் எங்க ஊரு மண்ணு. பெரும்பாலும் மானாவாரி. புரட்டாசி, ஐப்பசியில மழை விழுந்ததும் ஈரம் காயறதுக்குள்ள உழுது விதைக்கணும். அந்தச் சில நாள்ல ஒரு டிராக்டர் படுத்தா, வண்டிக்காரருக்கு வாடகை போகும். அதை நம்பியிருந்த நாலஞ்சு சம்சாரிங்களுக்கு ஒரு பருவமே போகும். பட்டறையில மிச்சம் பிடிச்ச நூறு ரூபாயை அன்னைக்கு யாருகிட்ட போய்க் காட்ட?

அதனால நான் சொல்றது ரொம்ப எளிசு. ஹெட்டைக் குடுக்கும்போது வால்வையும் சேர்த்துக் குடுங்க. எந்த வால்வு ஓடப்போகுதோ அதுக்குத்தான் துளை போடணும். பழைய தண்டா இருந்தா மேல, நடுவுல, கீழன்னு மூணு இடத்துல அளக்கச் சொல்லுங்க. தேய்ஞ்ச தண்டுக்குப் புதுக் கைடு போட்டு பிரயோஜனமில்ல. ஒவ்வொரு கைடோட அளவையும் ஒரு சீட்டுல எழுதி வாங்குங்க. முக்கியமா, "அளக்கிறதுக்குத் தனியா தர்றேண்ணே"ன்னு நீங்களே முதல்ல சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தையில கேஜ் பெட்டியை விட்டு வெளிய வரும்னு நான் நம்புறேன்.

பட்டறை அனுபவம் உள்ளவங்க, "இது வேலைக்காகாது தம்பி"ன்னு நினைச்சா பின்னூட்டத்துல தாராளமா கும்முங்க. கத்துக்கறேன்.