பாடலும் கதை சொல்லும்

திரைப்படத்தில் பாடல் தொடங்கியதும் அதைத் தள்ளிவிட்டு அடுத்த காட்சிக்குத் தாவுவோர் இன்று பலர். பாடல் வந்தால் கதை நின்றுவிடுகிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். கதைக்குத் தொடர்பின்றிச் செருகப்படும் பாடல்களுக்கு இக்குறை பொருந்தும். ஆயினும், பாடல் என்றாலே கதைக்குத் தடை என்று முடிவு கட்டுவது சரியன்று. 1930களிலிருந்து 1960கள் வரை ஹாலிவுட்டில் உருவான சிறந்த இசைத் திரைப்படங்கள் இதற்குச் சான்று. அவற்றில் பாடலை நீக்கினால் கதையே குறைபட்டுவிடும்.

1927இல் வெளிவந்த 'தி ஜாஸ் சிங்கர்' என்னும் படம் பேசும் படங்களின் காலத்தைத் தொடங்கி வைத்தது. திரை பேசக் கற்றபோதே பாடவும் கற்றுக்கொண்டது. தொடக்கக்கால இசைத் திரைப்படங்கள் பலவற்றில் பாத்திரங்கள் மேடைக் கலைஞர்களாகவே இருந்தனர். மேடையில் ஏறினால் பாடினர். இறங்கி வந்தால் பேசினர். பாடல் வேறு, கதை வேறு என்ற நிலையே அங்கு இருந்தது. காலப்போக்கில் இந்த இடைவெளி குறைந்தது. பேச்சால் சொல்ல முடியாத உணர்வு பொங்கும்போது பாத்திரம் பாடத் தொடங்கியது. பாட்டும் போதாதபோது ஆடத் தொடங்கியது.

1939இல் வந்த 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கான்சாஸ் மாநிலத்துப் பண்ணை ஒன்றில் வாழும் டாரத்தி என்னும் சிறுமியின் கவலையைக் கேட்கப் பெரியவர்களுக்கு நேரமில்லை. தன் நாய்க்குட்டியுடன் தனித்து நிற்கும் அவள், வானவில்லுக்கு அப்பால் உள்ள ஒரு நாட்டை எண்ணி ஏங்கிப் பாடுகிறாள். முன்னோட்டக் காட்சிக்குப் பிறகு, அப்பாடல் படத்தின் வேகத்தைக் குறைக்கிறது என்று கூறி அதை நீக்கிவிட நிறுவனத்தார் முற்பட்டனர். படத்தை உருவாக்கியவர்கள் சிலர் வாதாடியதால் பாடல் தப்பியது. சிறந்த பாடலுக்கான ஆஸ்கர் விருதையும் பெற்றது. அன்று அதை நீக்கியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? சூறாவளியில் சிக்கி ஓஸ் என்னும் வண்ணமயமான நாட்டை அடையும் டாரத்தி, அங்கிருந்து வீடு திரும்பவே துடிக்கிறாள். தொலைவில் உள்ள நாட்டுக்கு ஏங்கியவள் தன் வீட்டின் அருமையை உணர்வதுதான் கதை. அந்த ஏக்கத்தைக் காட்டும் பாடல் இல்லாவிட்டால், அவள் இறுதியில் உணரும் உண்மைக்கு வலுவே இராது.

ஒரே பாடல் இடத்திற்கேற்ப வேறு பொருளும் தரக்கூடும். 1965இல் வெளிவந்த 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தின் கதைத்தலைவர் ஆஸ்திரியக் கடற்படையில் பணியாற்றியவர். மனைவியை இழந்தபின் வீட்டில் இசையையே ஒதுக்கி வைத்தவர். அவர் 'எடல்வைஸ்' என்னும் மலரைப் பற்றிய பாடலை இருமுறை பாடுகிறார். முதன்முறை, வீட்டில் கிதாரை மீட்டித் தம் பிள்ளைகளுக்காகப் பாடுகிறார். இறுகிப்போன தந்தையின் மனம் இளகியதை அப்போது பார்வையாளர் உணர்கின்றனர். பின்னர், ஜெர்மனி ஆஸ்திரியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்ட வேளையில், நாஜி அதிகாரிகளின் முன்னிலையில் இசைவிழா மேடையில் அதையே பாடுகிறார். அவர் குரல் தழுதழுக்கிறது. குடும்பத்தார் சேர்ந்து பாடுகின்றனர். பின்னர் அரங்கமே பாடுகிறது. பாடலின் சொற்கள் மாறவில்லை. ஆனால், அது இப்போது தாய்நாட்டிடம் விடைபெறும் பாடலாகிவிட்டது. அந்த இடத்தில் ஒரு நீண்ட வீரவுரையை வைத்திருந்தாலும் இவ்வளவு ஆழமாக மனத்தில் பதிந்திருக்காது.

இப்படங்களின் மற்றொரு சிறப்பு, கலைஞர்களின் உழைப்பு. ஃபிரெட் அஸ்டேர் என்னும் நடனக் கலைஞர், தாம் ஆடும்போது தலைமுதல் கால்வரை முழு உருவமும் திரையில் தெரிய வேண்டும் என்று வற்புறுத்தினார். காட்சியை அடிக்கடி வெட்டி ஒட்டுவதையும் அவர் விரும்பவில்லை. அதனால், ஓர் அடி பிசகினாலும் முதலிலிருந்து ஆட வேண்டியிருந்தது. 1936இல் வந்த 'ஸ்விங் டைம்' படத்தின் ஒரு நடனத்தை 47 முறை படமாக்கியதாகவும், உடன் ஆடிய ஜிஞ்சர் ரோஜர்ஸின் கால்களில் இரத்தம் கசிந்ததாகவும் கூறுவர். 1952இல் வெளிவந்த 'சிங்கிங் இன் தி ரெயின்' படத்தில் கொட்டும் மழையில் மகிழ்ந்தாடும் ஜீன் கெல்லி, அக்காட்சியில் நடித்தபோது கடுங்காய்ச்சலோடு இருந்தார். திரையில் எளிதாகத் தோன்றுவது எளிதாகச் செய்யப்பட்டதன்று.

"வீதியில் நடந்துபோகும் ஒருவர் திடீரென்று பாடுவாரா?" என்று சிலர் கேட்கலாம். உண்மை வாழ்வில் பாடமாட்டார்தான். ஆனால், ஒவ்வொரு கலைக்கும் அதற்கே உரிய மரபு உண்டு. நாவலாசிரியர் பாத்திரத்தின் மனத்தில் ஓடுவதை எழுதிக் காட்டுகிறார். அதை யாரும் பொய் என்று ஒதுக்குவதில்லை. இசைத் திரைப்படத்தில் அந்தப் பணியைப் பாடல் செய்கிறது. நிகழ்ச்சி உண்மையாக இல்லாவிட்டாலும் உணர்ச்சி உண்மையாக இருந்தால் போதும்.

இவ்வளவு சிறப்புகள் இருப்பதால் குறைகளை மூடி மறைக்க வேண்டியதில்லை. 'வெஸ்ட் சைட் ஸ்டோரி', 'மை ஃபேர் லேடி' ஆகிய படங்களில் கதைத்தலைவிக்காகப் பாடியவர் மார்னி நிக்சன். படங்கள் வெளியானபோது அவர் பெயர் திரையில் இடம்பெறவில்லை. பின்னணிப் பாடகரின் பெயரைச் சொல்லியே பாடலைக் கொண்டாடும் தமிழ்த் திரையுலகுக்குப் பழகியவர்களுக்கு இது வியப்பளிக்கும். இதைவிடக் கொடியது நிறவெறி. லீனா ஹார்ன் என்னும் கறுப்பினப் பாடகியின் பாடல் காட்சிகளைப் பல படங்களில் கதையோடு ஒட்டாமல் தனியே அமைத்தனர். தென்மாநிலத் திரையரங்குகள் அவற்றை எளிதில் வெட்டிவிட வேண்டும் என்பதே அதன் நோக்கம். பாடலைக் கதையிலிருந்து பிரித்ததன் மூலம் அங்கே ஒரு மனிதரையே கதையிலிருந்து பிரித்துவிட்டனர்.

ஆகவே, பழைய இசைத் திரைப்படங்களைக் கண்மூடிப் புகழ்வதும் தவறு. பழையவை என்று புறக்கணிப்பதும் தவறு. பாடல் காட்சி ஒன்றைத் தள்ளிவிடக் கை நீளும்போது, மாணவர்கள் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்: பாடல் தொடங்கும்போது இருந்த பாத்திரம், அது முடியும்போதும் அதே நிலையில்தான் இருக்கிறதா? அதே நிலையில் இருந்தால் அப்பாடல் வெறும் அலங்காரம். மாறியிருந்தால், அதைத் தள்ளிவிடுபவர் இழப்பது பாடலை மட்டுமன்று. கதையின் ஒரு பகுதியையும்தான்.