விடுமுறை வீடும் மறைவான கட்டணமும்

விடுமுறைக் காலம் நெருங்கினால் பிள்ளைகளுக்குக் குதூகலம், பெற்றோருக்குக் கணக்கு. முன்னாளில் வெளியூர் சென்றால் உறவினர் வீட்டிலோ வாடிவீட்டிலோ தங்குவது வழக்கம். இப்பொழுது முழு வீட்டையுமே சில நாட்களுக்கு வாடகைக்கு எடுத்துத் தங்குவோர் பெருகிவிட்டனர். 2008ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரிலே தோன்றிய எயார்பிஎன்பி போன்ற இணையத்தளங்கள் இவ்வழக்கத்தை உலகெங்கும் பரப்பின. குழந்தைகளுடன் செல்லும் குடும்பத்துக்கு இது வசதியான ஏற்பாடே. ஆயினும், முதலிற் கண்ட வாடகை ஒன்றாகவும் முடிவிற் கொடுக்கும் பணம் வேறொன்றாகவும் இருப்பது பலருடைய மனக்குறை.

உதாரணமாக, ஓர் இரவுக்கு 20,000 ரூபா என விளம்பரஞ் செய்யப்பட்ட வீடொன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு இரவுகளுக்கு 40,000 ரூபா. பணஞ் செலுத்தும் வேளையிலே துப்புரவுக் கட்டணம் 8,000 ரூபாவும், நூற்றுக்கு 15 வீதம் சேவைக் கட்டணமாக 6,000 ரூபாவும் வந்து சேர்கின்றன. மொத்தம் 54,000 ரூபா. அதாவது, ஓர் இரவுக்கு 27,000 ரூபா. ஒரே இரவு தங்குவோர் பாடு இன்னும் மோசம். துப்புரவுக் கட்டணம் குறையாதாகையால் அவ்வோர் இரவுக்கே 31,000 ரூபா ஆகிவிடும்.

படங்களும் இவ்வாறே. அகன்ற கோண வில்லையாற் பிடித்த படத்தில் சிற்றறையும் மண்டபமாகத் தோன்றும். கடற்கரைக்குச் சொல்லப்படும் தூரம் நேர்கோட்டில் அளந்ததாக இருக்கலாம். நடக்கும் வழியோ நீண்டு செல்லும்.

இதனால் நட்டமடைவோர் வாடகைக்கு எடுப்போர் மாத்திரமல்லர். 25,000 ரூபா என முழுத் தொகையையும் முதலிலேயே கூறும் நேர்மையாளரின் வீடு, 20,000 எனக் காட்டி 27,000 பெறுபவரின் வீட்டிலும் விலை கூடியதாகத் தோன்றுமன்றோ? மக்கள் பின்னவரையே நாடுவர். நாளடைவில் நல்லவரும் அவ்வழியிற் செல்ல நேரிடும். ஆகவேதான், வாங்குவோரின் விழிப்பு மாத்திரம் இதற்குப் போதாது; சட்டமும் வேண்டும்.

கலிபோர்னியாவில் 2024 ஜூலை 1ஆம் திகதி முதலும், அமெரிக்கா முழுவதிலும் 2025 மே 12ஆம் திகதி முதலும், கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்தே வாடகையைக் காட்டவேண்டும் என்பது விதி. அமெரிக்க டொலரில் இருந்த விலைகளை அவுஸ்திரேலிய டொலர் என எண்ணும்படி காட்டிய குற்றத்துக்காக, 2023ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய நீதிமன்றம் எயார்பிஎன்பிக்கு 150 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் அபராதம் விதித்தது. நமது நாட்டிலும், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், மக்களை ஏமாற்றும் வியாபார நடத்தையைத் தடைசெய்கின்றது.

சட்டம் ஒருபுறமிருக்க, நாமும் சிலவற்றைக் கவனித்தல் நன்று. மொத்தத் தொகையை இரவுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்த பின்னரே வீடுகளை ஒப்பிடுக. எந்த நாட்டு நாணயம் என்பதை நோக்குக. முன்பு தங்கியவர்கள் கூறிய குறைகளை முதலில் வாசிக்குக. மின்சாரத்துக்கோ, கூடுதலாக வருவோருக்கோ வேறு பணம் உண்டா என எழுத்தில் கேட்டு, விடையையும் விளம்பரத்தையும் பிரதி செய்து வைத்துக்கொள்க. குறை கண்டால், சென்றிறங்கிய அன்றே படம் பிடித்து முறையிடுக.

ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. அதற்குக் கணக்குக் கேட்பது கஞ்சத்தனமன்று, குடும்பத்தின் உரிமை.