ஐக்கிய நாடுகளும் ஒருமை வினையும்

எழுவாய் ஒருமையாயின் வினையும் ஒருமையாகவும், பன்மையாயின் பன்மையாகவும் வரவேண்டுமென்று நம் பள்ளிக்கூடங்களில் ஆங்கில இலக்கணம் போதிக்கும் உபாத்தியாயர்கள் சொல்லிவிட்டு அப்பால் செல்கின்ற விதி, கேட்பதற்கு எளிதாயினும், எது ஒன்று, எது பல என்று நிச்சயிக்கும் பொறுப்பை மாணவனிடமே விட்டுவிடுகிறது. அந்த நிச்சயமோ சில வேளைகளில் ஒரு தேசத்தின் சரித்திரத்தையே தொட்டு நிற்பது.

அமெரிக்க ஐக்கிய நாடுகள் என்னும் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். 1787-இல் பிலடெல்பியாவில் கூடி அரசியல் சாசனம் வகுத்த பெரியோர், தேசத்துரோகம் இன்னதென்று வரையறுத்த பிரிவில், அப்பெயரைப் பன்மையாகவே கொண்டு, அந்நாடுகள்மீது யுத்தம் தொடுப்பதையும் அவற்றின் பகைவரோடு சேர்வதையும் குற்றமாக்கினார்கள். தத்தமக்கென்று சட்டசபையும் அதிகாரமும் படைத்த பதின்மூன்று ராஜ்யங்கள் கைகோத்து நின்ற காலத்தில் பன்மையே இயல்பு. பிரிந்து செல்லும் உரிமை ராஜ்யங்களுக்கு உண்டா என்ற வழக்கு 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போராக மூண்டு, லட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டு முடிந்தது. அந்தப் போரே அப்பெயருக்குப் பின் வரும் பன்மை வினையாகிய ‘ஆர்’ என்பதை ஒருமை வினையாகிய ‘இஸ்’ ஆக்கிற்று என்று அந்நாட்டார் பெருமிதத்தோடு சொல்வதுண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் பாஷை சேனாபதிகளின் வெற்றிக்கு உடனே பணிந்துவிடுவதன்று. அடிமை முறையை ஒழித்து அதே 1865-இல் சட்டமான, சாசனத்தின் பதின்மூன்றாம் திருத்தத்திலும் பழைய பன்மையே நிலைத்திருக்கிறது. 1902-இல் பிரதிநிதிகள் சபையின் கமிட்டியொன்று அப்பெயரை ஒருமையாகவே வழங்கவேண்டுமெனத் தீர்மானித்தபொழுது, ஜனங்களின் வழக்கு பெரும்பாலும் அப்பக்கம் சாய்ந்திருந்தது.

ஒன்றா, பலவா என்ற இதே கேள்வி வேறு சொற்களிலும் எழுகிறது. சர்க்கார், கமிட்டி, விளையாட்டுக் கோஷ்டி முதலிய தொகுதிப் பெயர்களுக்கு அமெரிக்கர் பெரும்பாலும் ஒருமை வினையே கொடுப்பர். ஆங்கிலேயரோ, கமிட்டி ஒருமனதாய் முடிவு செய்ததெனில் ஒருமையும், அங்கத்தினர் தம்முள் பிணங்கினரெனில் பன்மையும் கொடுத்து, சபைக்குள் நடந்ததை வினைமுற்றிலேயே காட்டிவிடுவர். இந்த நுட்பத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ‘கமிட்டி’ என்ற சொல்லுக்குப் பின் பன்மை வினை எழுதிய மாணவனின் விடைத்தாளில் சிவப்பு மையால் கோடிடுமுன், அவன் அந்த அங்கத்தினர்களை ஒரு சபையாய் நினைத்தானா, பல மனிதர்களாய் நினைத்தானா என்று உபாத்தியாயர் அவனைக் கேட்கவேண்டும்.