கால் சென்டர் சர்வர்: காசை எங்கே போடுவது?

கால் சென்டர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேசும் இளைஞர்கள்தான். மூலையில் ஒரு சின்ன அறையில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை யாரும் நினைப்பதில்லை. அது நிற்கும் வரை!

சுமார் 50 இருக்கைகளோடு தொழில் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை கோர் பிராசசர்? எத்தனை ஜி.பி. ராம்?" என்பதுதான். விற்பவரும் சந்தோஷமாகப் பெரிய கொட்டேஷனை நீட்டுவார். ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரே நேரத்தில் எத்தனை அழைப்புகள் ஓடும்?

இருக்கை 50 என்றால் அழைப்பும் 50 தானே என்று தோன்றும். அப்படி இல்லை. பலர் போனை எடுக்க மாட்டார்கள் என்பதால், டயலர் மென்பொருள் ஓர் ஊழியருக்காக இரண்டு மூன்று எண்களை ஒரே சமயத்தில் அழைக்கும். உள்ளே வரும் அழைப்புகளில், இசையைக் கேட்டபடி காத்திருப்பவரும் ஒரு லைனைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இந்தக் கணக்குக்கு நூறு வயது தாண்டிவிட்டது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் என்ற டென்மார்க்காரர் 1917-இல் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார். மணிக்கு 100 அழைப்புகள், ஒவ்வொன்றும் 3 நிமிடம் என்றால் மொத்தம் 300 நிமிடம். அதாவது சராசரியாக 5 லைன்கள் போதும். ஆனால் அழைப்புகள் வரிசையில் நின்று ஒவ்வொன்றாக வருவதில்லையே! நூற்றில் ஒன்றுக்கு மேல் 'லைன் பிஸி' ஆகக் கூடாது என்றால் 11 லைன்கள் வேண்டும். சராசரியை நம்பிச் சர்வர் வாங்குபவர் ஏமாறுவது இங்கேதான்.

அடுத்து பிராசசர். ஜி.711 முறையில் குரலுக்கு நொடிக்கு 64 கிலோபிட் ஆகும். ஜி.729 அதையே 8 கிலோபிட்டாகச் சுருக்கிவிடும். ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்கு மாற்றும் வேலைதான் பிராசசரைப் பிழிகிறது. இரண்டு பக்கமும் ஒரே முறையாக வைத்துவிட்டால் ஆஸ்டெரிஸ்க் போன்ற இலவச மென்பொருள் நடுத்தரமான சர்வரிலேயே நன்றாக ஓடும். இதற்குப் பைசா செலவில்லை!

உண்மையான சுமை டிஸ்கில் இருக்கிறது. ஜி.711-இல் ஒரு மணி நேரப் பேச்சைப் பதிவு செய்தால் 28.8 எம்.பி. வரும். 50 பேர் தினம் 5 மணி நேரம் பேசினால் 7.2 ஜி.பி. மாதம் 25 நாளுக்கு 180 ஜி.பி. ஆறு மாதம் வைத்திருந்தால் ஒரு டெராபைட்டைத் தாண்டும். 16 பிட் வேவ் கோப்பாக வைத்தால் இதுவே இரண்டு மடங்கு. போதாக்குறைக்கு, சில மென்பொருள்களில் ஒவ்வொரு ஊழியரின் திரையும் நொடிக்கொரு முறை தரவுத்தளத்தைக் கேட்கிறது. 8 மணி நேர ஷிப்டில் 50 திரைகள் கேட்பது 14 லட்சத்துக்கும் அதிகமான தடவை! எனவே தரவுத்தளத்துக்கு எஸ்.எஸ்.டி., பதிவுகளுக்குத் தனி டிஸ்க், ஒன்று போனால் இன்னொன்று தாங்கும் ரெய்டு அமைப்பு, இவற்றுக்குத்தான் காசு போக வேண்டும். கூடுதல் கோர்களுக்கு அல்ல.

ரெய்டு இருந்தால் பேக்கப் வேண்டாம் என்பதும் தவறு. தெரியாமல் அழித்த கோப்பு இரண்டு டிஸ்கிலும் சேர்ந்தே அழிந்துபோகும்.

இனி வணிகவியல் மாணவர்களுக்குத் தெரிந்த கணக்கு. 2013 கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, டெஸ்க்டாப், லேப்டாப்புக்கு 3 ஆண்டும், சர்வருக்கு 6 ஆண்டும் ஆயுள் தருகிறது. ஏட்டில் 6 ஆண்டு வாழும் சர்வர், தூசியும் வெக்கையும் நிறைந்த அறையில் அத்தனை நாள் தாங்குமா? ஒரு பெரிய சர்வருக்குப் பதில் இரண்டு நடுத்தர சர்வர்களும் நல்ல யு.பி.எஸ்.ஸும் வாங்குவதே புத்திசாலித்தனம். ஒன்று விழுந்தாலும் இன்னொன்றில் பாதி வேலையாவது நடக்கும்.

வாடகைக்குக் கிளவுட் எடுத்தால் இந்தத் தலைவலி இல்லையே என்பார்கள். முதலீடு குறையும், உண்மைதான். ஆனால் இணைய லைன் ஒன்றே ஒன்று என்றால் அது அறுந்ததும் கிளவுடும் கைகொடுக்காது. அழைப்புகளின் எண்ணிக்கையும் பதிவுகளின் அளவும் அங்கேயும் மாத பில்லில் வந்து நிற்கும்.

சர்வர் ஒரு மணி நேரம் நின்றால் யாருக்கு நஷ்டம்? மாதம் 15,000 ரூபாய் சம்பளம், 200 மணி நேர வேலை என்று வைத்துக்கொண்டால் 50 பேருக்கு முதலாளி சும்மா கொடுப்பது 3,750 ரூபாய். ஆனால் ஊழியரின் டார்கெட் அந்த ஒரு மணி நேரத்துக்காகக் குறைக்கப்படவில்லை என்றால், இன்சென்டிவ் போவது அவருக்கு. மலிவான டிஸ்க் வாங்கியது நிர்வாகம். அதற்கான விலையைக் கொடுப்பது வீட்டு வாடகைக்கு இன்சென்டிவை நம்பியிருக்கும் பெண்ணா?

சர்வர் நின்ற நேரத்தை டார்கெட்டிலிருந்து கழிக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கட்டும். அப்படி ஒரு விதி வந்துவிட்டால், நஷ்டம் முழுவதும் நிர்வாகத்தின் கணக்கில் தெரியும். இரண்டாவது சர்வர் தானாகவே வந்துவிடும்!