ஜெர்மன் மொழியில் பட்டம் பெறலாமா?



சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் கண்டாச்சிபுரத்துச் சகோதரர் ஒருவர், மகளின் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலுடன் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத்! பிள்ளை ஜெர்மன் மொழியில் பி.ஏ. படிக்கப் போகிறேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். அது நஸராக்களின் பாஷை அல்லவா? படித்தாலும் அது சோறு போடுமா?" என்று கேட்டார்.

முதல் கேள்விக்கு விடை எளிது. யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை ஏவியவர்கள் நபி (ஸல்) அவர்களே. மொழிக்கு மதமில்லை. அல்லாமா இக்பால் 1907-ஆம் ஆண்டு ஹைடல்பெர்க் நகரில் ஜெர்மன் கற்று, மியூனிக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். ஹாபிஸின் பாரசீகக் கவிதைகளில் மனம் பறிகொடுத்த ஜெர்மானியக் கவி கதே, 1819-இல் 'மேற்கு கிழக்கு திவான்' வெளியிட்டார். அதற்கு மறுமொழியாகவே 1923-இல் 'பயாமே மஷ்ரிக்' என்ற நூலை இக்பால் வெளியிட்டார். பின்னாளில் நம் நாட்டின் குடியரசுத் தலைவரான டாக்டர் ஜாகிர் ஹுசைனும் பெர்லினில் ஆய்வுப் பட்டம் பெற்றுத் திரும்பி, ஜாமிஆ மில்லியாவை வளர்த்தவர்தாம்.

இன்னொன்றையும் அவரிடம் சொன்னேன். அரபு மாணவர்கள் உலகெங்கும் கையாளும் ஹான்ஸ் வேர் அகராதி முதலில் அரபு-ஜெர்மன் அகராதியாகவே 1952-இல் வெளிவந்தது. முஸ்லிம் அறிஞர்களின் நூல்களை ஏடு ஏடாகத் தேடித் தொகுத்த துருக்கியப் பேரறிஞர் புவாத் ஸெஸ்கின் தம் பெருநூலை ஜெர்மன் மொழியிலேயே எழுதினார். நம் முன்னோரைப் பற்றிய செய்திகள் ஒரு மொழியில் குவிந்து கிடக்க, நாம் அதன் வாசலில்கூட நிற்கவில்லை!

அந்தப் பெண் எங்கள் மதரஸாவில் நஹ்வு ஓதியவள். அவளுக்கு அம்மொழி அத்தனை அந்நியமாகவும் இராது. அரபியில் சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால், ஜெர்மனிலும் அப்படியே. இருபத்தொன்றை அரபியர் 'ஒன்றும் இருபதும்' என்பர். ஜெர்மானியரும் அவ்வாறே எண்ணுவர். ரஃபு, நஸ்பு, ஜர்ரு என்று மூன்று நிலைகளை மனனம் செய்தவளுக்கு நான்கு வேற்றுமைகள் என்ன மலைப்பு? (நம் தமிழிலோ எட்டு!)

இரண்டாம் கேள்வியில்தான் நிதானம் வேண்டும். பி.ஏ. ஜெர்மன் படித்தால் ஜெர்மனிக்கு விசா கிடைத்துவிடும் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். செவிலியராகவோ பொறியாளராகவோ அங்கு செல்ல விரும்புவோர் தத்தம் தொழிற்படிப்பை முடித்து, சென்னை நுங்கம்பாக்கத்திலுள்ள கதே நிறுவனம் போன்றவற்றில் ஏ1, ஏ2, பி1 எனப் படிப்படியாக மொழித் தேர்வு எழுதினால் போதும். அதற்காக மூன்றாண்டுப் பட்டம் தேவையில்லை. பட்டப் படிப்போ இலக்கியம், வரலாறு, மொழிபெயர்ப்பு ஆகியவற்றில் ஆழ்வது. டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் அகர முதலாகவே கற்பிக்கிறார்கள், சேர்க்கை சி.யு.இ.டி. நுழைவுத் தேர்வு வழியாக. ஹைதராபாத் ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகத்திலும் இப்படிப்பு உண்டு. முடித்தவர்கள் ஆசிரியராகலாம், மொழிபெயர்ப்பாளராகலாம், ஜெர்மானிய நிறுவனங்களின் இந்திய அலுவலகங்களில் பணி தேடலாம். ஆனால் மொழியில் மெய்யாகவே தேர்ந்தவருக்குத்தான் அவ்வேலைகள். ஏட்டுச் சான்றிதழுக்கு அல்ல.

சகோதரர் நெடுநேரம் மௌனமாக இருந்தார். "எல்லாம் சரி ஹஜ்ரத். விழுப்புரம் கல்லூரி என்றால் காலையில் பஸ் ஏறி மாலையில் வீடு திரும்பிவிடுவாள். டெல்லி என்றால்..." என்று இழுத்தார். அவருடைய உண்மையான கேள்வி இதுதான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதை அச்சம் என்று நான் ஏளனம் செய்யமாட்டேன். நானும் பெண் பிள்ளையைப் பெற்றவன். ஹைதராபாத்தில் அவருடைய மைத்துனர் குடும்பத்தோடு இருக்கிறாராம். முதலில் அங்கு சென்று பல்கலைக்கழகத்தையும் மாணவியர் விடுதியையும் கண்ணால் பார்த்து வாருங்கள் என்றேன்.

அடுத்த முறை மகளையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன். அவள் கேட்பது படிப்பையா, பயணத்தையா என்று அவளிடமே நான் கேட்க வேண்டும்.