மஞ்சள் எத்தனை நொடி?

சிவப்பைத் தாண்டும் வண்டியைப் படம் பிடிக்கும் கேமரா பற்றிய பேச்சு எழுந்தாலே நாம் கருவியின் துல்லியத்துக்குப் போய்விடுகிறோம். சிவப்புக்கு முன்னால் மஞ்சள் எத்தனை நொடி எரிந்தது என்று கேட்பவர்கள் குறைவு. அந்த நேரத்தை வைப்பது கேமரா அல்ல, சிக்னல் பொறியாளர்களாகிய நாம்.

சிகாகோவில் 2014-இல் கேமரா ஒப்பந்தம் ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறியது. அந்தச் சமயத்தில், மஞ்சள் 3 நொடிக்குச் சற்றுக் குறைந்து 2.9 நொடியே எரிந்திருந்தாலும் அபராதம் போடலாம் என்று மாநகராட்சி சத்தமில்லாமல் அனுமதித்தது. ஏறத்தாழ 77,000 சலான்கள் போயின, ஒவ்வொன்றும் 100 டாலர். மணிக்கு 30 மைல் வேகத்தில் வரும் கார் 0.1 நொடியில் 1.3 மீட்டர் நகர்ந்துவிடும். நிறுத்தக்கோட்டில் ஒருவரைக் குற்றவாளியாக்க அது போதும். நாம் வழக்கமாகப் போடும் கணக்கையே போட்டுப் பாருங்கள்: ஓட்டுநர் சுதாரிக்க 1 நொடி, எதிர்முடுக்கம் 3 மீ/நொடி². அந்த வேகத்துக்கு 3.2 நொடி வரும். அப்படிப் பார்த்தால் 3 நொடியே பற்றாது.

அதே திட்டத்தைக் கவனித்த அதிகாரி, முந்தைய ஒப்பந்த நிறுவனத்திடம் லஞ்சம் வாங்கியதற்காக 2016-இல் 10 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். எனக்கு லஞ்சத்தைவிட அந்த 2.9 தான் உறுத்துகிறது. அதற்கு யாரும் காசு வாங்க வேண்டியதில்லை. ஓர் எண்ணைத் தளர்த்தினால் போதும்.

ஓரிகன் மாநிலத்தின் பீவர்ட்டனில் 2013-இல் தன் மனைவிக்கு வந்த கேமரா சலானைப் பார்த்து மாட்ஸ் யார்ல்ஸ்ட்ரோம் இந்த மஞ்சள் நேரக் கணக்கை ஆராயத் தொடங்கினார். நேரே போகும் வண்டிக்காக 1960-இல் வகுத்த சூத்திரம் அது. திரும்புவதற்காக வேகம் குறைக்கும் வண்டிக்குக் கூடுதல் நேரம் வேண்டும் என்றார். சரியான கேள்வி. உரிமம் இல்லாமல் பொறியியல் செய்ததாக மாநிலப் பொறியாளர் வாரியம் அவருக்கு 500 டாலர் அபராதம் விதித்தது. நீதிமன்றம் 2018-இல் அவர் பக்கம் நின்றது; 2020-இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியாளர் நிறுவனத்தின் வழிகாட்டியே அவருடைய திருத்தத்தை ஏற்றது. பிழையைக் காட்டியவர் வாயை உரிமத்தால் அடைக்கப் பார்த்தது நம் துறைக்கே அவமானம்.

இந்தியாவில் 2021-இல் வந்த 167ஏ விதி, கண்காணிப்புக் கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் சான்றிதழ் கேட்கிறது. நல்லது, ஆனால் அது கருவிக்கான சான்று. கேமரா வைக்கும் ஒவ்வொரு சந்திப்பிலும் நேர்த்தடத்துக்கும் திரும்பும் தடத்துக்கும் தனித்தனியாக மஞ்சள் கணக்கு வேண்டும், கணக்கிட்டவர் கையெழுத்தோடு. மீறலுக்கு முன் மஞ்சள் எரிந்த நேரத்தைச் சலானில் அச்சிட வேண்டும். இவை ஒப்பந்தத்தில் இல்லையென்றால் அந்தச் சந்திப்புக்கு ஒப்புதல் தராதீர்கள்.